கோபினாவும் ஞாயிற்றுக் கழகமும்

கிரின்ஸ்டெட் நகரில் எனக்கென ஒதுக்கப்பட்ட கட்டில் எட்டு அகவைச் சிறுமி ஒருத்திக்கு உரியது. அவள் அதில் ஒருநாளும் படுத்ததில்லை. சுவரில் முயல் படம் ஒட்டியிருந்தது; தலையணை உறையிலும் முயல்கள். என் கால்கள் கட்டிலைத் தாண்டி நீண்டு கிடந்தமையால், வீட்டுக்குரிய தவராசா சமையலறை நாற்காலி ஒன்றைக் கொணர்ந்து கால்மாட்டில் இட்டு, அதன்மேல் போர்வையை மடித்துப் பரப்பினார்.

"பிள்ளை வரேக்கை கொஞ்சம் வளந்திருப்பாள் எண்டுதான் உந்த அளவிலை வாங்கினனான் ஐயா. உங்கட உயரத்தை நான் யோசிக்கேல்லை."

தவராசா என் கல்லூரித் தோழர் ஒருவரின் தங்கை மகன். தோழரும் நானும் திருச்சிராப்பள்ளியில் ஒன்றாகப் பயின்றோம். அவர் யாழ்ப்பாணம் மீண்ட பின்னும் எங்கள் நட்பு அறவில்லை. தவராசா ஏதிலியாக டென்மார்க் வந்து, இந்நகரத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருக்கின்றனர். அவர்களை வருவிப்பதற்கு அவர் கொடுத்த விண்ணப்பம் தலைநகரில், அமைச்சகத்தில் கிடக்கிறது. அவருடையது மட்டுமன்று. ஈழத்தமிழ் ஆடவர் பலருடைய விண்ணப்பங்கள் அவ்வாறே அசையாமல் கிடப்பதை இந்நாட்டு நாளிதழ்களே எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. எண்பதுகள் முடியும் தறுவாய்.

நான் அங்குச் சென்ற நோக்கம் வேறு. திருச்சியிலிருந்து வெளிவரும் சிறுவர் திங்களிதழ் ஒன்றுக்கு வாழ்க்கை வரலாறுகள் எழுதி வந்தேன். இலண்டனில் மகன் வீட்டில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தபோது, தம் கழகத்தின் விளையாட்டு விழாவுக்குப் புகழ்பெற்ற ஆப்பிரிக்கக் கால்பந்து வீரர் ஒருவர் வருவதாகத் தவராசா தொலைபேசியில் தெரிவித்தார். அவர் ஓய்வுபெற்று, அண்மையில் உள்ள வைலே நகரில் வாழ்கிறாராம். செய்தியை இதழாசிரியருக்கு அறிவித்தேன். "உடனே போய்க் கண்டு எழுதுக" என்று மறுமொழி வந்தது. கால்பந்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம், அது மாணவர் விடுதியின் கண்ணாடிகளை உடைக்கும் என்பது மட்டுமே.

முதல் நாள் காலை உணவு கம்புமணி போன்ற கூலத்தால் ஆன கறுப்பு ரொட்டி. நம்மூர்க் கேழ்வரகுக் களியை உலர்த்தி அறுத்தாற்போல் இருந்தது. டேனியர் அதன்மேல் மீனோ ஈரலோ வைத்து உண்பர். தவராசா எனக்காகத் தேங்காய்ச் சம்பல் வைத்தார். கடையில் கிடைக்கும் உலர்ந்த தேங்காய்த் துருவலை வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து, மிளகாய்ப் பொடியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்தது. புளித்த ரொட்டியும் உறைப்பான சம்பலும் நன்றாகவே பொருந்தின. இரண்டு துண்டு கூடுதலாக உண்டேன்.

பின்னர் ஊரைக் காணப் புறப்பட்டேன். அகன்ற தெருக்கள், வெட்டிச் சீர்செய்த புல்வெளிகள், வரிசையாக மகிழுந்துகள். மாந்தரைத்தான் காணவில்லை. ஒரு வீட்டின் முன்றிலில் நாட்டுக் கொடி ஏற்றியிருந்தது. விடுதலை நாளோ என்று எண்ணி, அவ்வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்ல நின்றேன். வெளியே வந்த முதியவர் ஆங்கிலத்தில், "என் மனைவியின் பிறந்த நாள். கேக் உண்கிறீர்களா?" என்றார். நம் நாட்டில் கொடியேற்ற ஆட்சியர் வரவேண்டும். இங்கு மனைவிக்கு ஓர் அகவை கூடினாலே போதும். கேக்கும் உண்டேன்.

இரண்டாம் நாள் வைலேவுக்குத் தனியே புறப்பட்டேன். இப்பகுதியில் பேருந்துகள் அரிது. எல்லாரும் மகிழுந்து வைத்திருக்கின்றனர். தவராசாவுக்குப் பகல் முறைப் பணி. "வேலை முடியத்தான் உங்களை எடுக்க வருவன். அதுவரை பஸ்ஸிலை கவனமாய்ப் போங்கோ" என்று ஏற்றிவிட்டார். வழியில் தேவாலயம் ஒன்றின் அருகே வண்டி நின்றது. ஓட்டுநர் ஏதோ சொன்னார். உடன்வந்த மூன்று மூதாட்டியரும் இறங்கினர். எல்லாரும் இறங்குவதால் அதுவே முடிவிடம் எனக் கருதி நானும் இறங்கினேன். வண்டி போய்விட்டது. மூதாட்டியர் தேவாலயத்துள் சென்று கதவைச் சாத்திக்கொண்டனர். சுற்றிலும் வாற்கோதுமை வயல். மேலே வானம்பாடி ஒன்று.

நெடுநேரம் கழித்து, கன்றுக்குட்டி ஏற்றிய பின்வண்டியை இழுத்தபடி ஒரு மகிழுந்து வந்தது. ஓட்டி வந்தவர் ஐம்பது அகவை மதிக்கத்தக்க உழவர் குலப் பெண்மணி, பெரிய கைகள். வைலே செல்லவேண்டும் என்றேன். ஏறுக என்றார். யாரைக் காணப் போகிறேன் என்று வினவினார். கோபினா என்னும் பெயரைச் சொன்னதும் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கோபினாவையா? என் திருமணத்தில்கூட வாய் திறக்காதவர் என் தந்தை. அவர் ஒரே ஒருமுறை கத்தியிருக்கிறார். கோபினாவைப் பார்த்துத்தான்."

"அவர் இலக்கு அடித்தபோதா?"

"இல்லை. அடிக்காதபோது." பின்னால் கன்று கத்தியது. அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை. "பனி பெய்துகொண்டிருந்தது. பந்து தெரிவதற்காகச் சிவப்புப் பந்து வைத்தார்கள். பந்து அவரிடம் வருகிறது. காவலர் இருவர் அவர்மேல் பாய்கிறார்கள். அவர் அடிப்பதுபோல் காலை ஓங்கிவிட்டுப் பந்தைத் தம் கால்களுக்கிடையே போகவிட்டார். பின்னால் தனியாக நின்றவன் அடித்தான். அடித்தவன் பெயர் எனக்கு நினைவில்லை. ஊரில் ஒருவருக்கும் நினைவிராது."

என் வரலாற்றுக் கட்டுரைக்கு முதல் குறிப்பு இவ்வாறு கிடைத்தது. கன்று வழிநெடுகப் பின்வண்டியில் கத்திக்கொண்டே வந்தது.

கோபினா ஒரு பள்ளியின் பராமரிப்பாளராகப் பணிபுரிந்து, அப்பள்ளியை ஒட்டிய சிறு வீட்டில் வாழ்கிறார். நெடியர். வலக்காலை மடக்காமல் நடப்பார். கதவைத் திறந்தவுடன், "உங்களுக்குக் காரம் ஆகுமா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. ஆகும் என்றேன். "கிர்ஸ்தன், கேட்டாயா? உண்மையான விருந்தாளி வந்திருக்கிறார்." கிர்ஸ்தன் அவருடைய டேனிய மனைவி, செவிலியர். நான் மரக்கறி உணவினன் என்று தவராசா முன்னரே சொல்லியிருந்ததால், நிலக்கடலையை அரைத்துத் தக்காளியும் மிளகாயும் இட்டு வைத்த குழம்பில் அன்று கோழி இல்லை, கிழங்குகள் இருந்தன. சோற்றில் ஊற்றிப் பிசைந்து கையால் உண்டோம், மூவரும். கிர்ஸ்தனுக்கு மட்டும் கண்ணில் நீர் வந்தது.

அவர் பிறந்தது கானா நாட்டின் செகண்டித் துறைமுகத்தில். செவ்வாய்க்கிழமை பிறந்த ஆண்மகவுக்கு அப்பகுதியில் கோபினா என்று பெயரிடுவராம். நம்மவர் பிறந்த விண்மீன் பார்த்துப் பெயர் வைப்பதைச் சொன்னேன். "அப்படியானால் உங்கள் அணியில் ஒரே பெயரில் மூவர் இருக்கமாட்டார்கள். எங்கள் தொடர்வண்டித் தொழிலாளர் அணியில் மூன்று கோபினா. பந்தைக் கொடு கோபினா என்று கத்தினால் மூவரும் ஓடுவோம்" என்றார்.

மீன்பிடி வலைத் துண்டுகளைச் சுற்றிய பந்தில், கடற்கரை மணலில் கற்ற ஆட்டம். பிறகு தொடர்வண்டித் தொழிலாளர் அணி. பிறகு நாட்டின் அணி. டேனியக் கப்பல் அலுவலர் ஒருவர் துறைமுகத்தில் அவர் ஆடுவதைக் கண்டு, தம் ஊர்க் கழகத்தில் சொல்லிவைத்ததால் இங்கு வந்தார். அக்காலத்தில் இந்நாட்டில் ஆட்டத்துக்கு ஊதியம் இல்லை. காலையில் பருத்தி ஆலையில் நூற்பு வேலை, மாலையில் பயிற்சி. முதல் பனிக்காலத்தில் காலணிக்குள் நாளிதழைத் திணித்துக்கொண்டு ஆடினாராம். "ஊரே என்னைப் பார்க்க வந்தது. கறுப்பன் பனியில் எப்படி ஓடுவான் என்று பார்க்க வந்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்குப் பிறகு ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள்."

உருளைக்கிழங்கு, கரண்டி, உப்புக் குடுவை ஆகியவற்றை மேசைமேல் நிறுத்தித் தம் கலையை விளக்கினார். முன்கள வீரன் இலக்கு அடிப்பவன் என்பது வெளியார் எண்ணம் என்றார். காவலரைத் தன்பின் இழுத்துச் சென்று, பிறருக்கு இடத்தைக் காலியாக்கிக் கொடுப்பவனே முன்கள வீரன். ஒரு கிழங்கை மெல்ல நகர்த்தினார். இரு கரண்டிகள் அதன்பின் சென்றன. நடுவே வெற்றிடம் தோன்றியது. "இதோ. இந்த இடத்தைத்தான் வாழ்நாளெல்லாம் உண்டாக்கினேன்." உறைந்த தரையில் வழுக்கி முழங்கால் முறிந்ததோடு அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது. வழியனுப்பும் ஆட்டம் என்று ஒன்று நடக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து நேரே ஓய்வு.

உணவு முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"கிரின்ஸ்டெட்டில் உங்கள் ஆள்களுக்குப் பயிற்சியாளர் யார்?"

"ஒருவரும் இல்லை. தாமாகவே ஆடுகின்றனர்."

கையிலிருந்த உருளைக்கிழங்கை அவர் கீழே வைத்தார். கிர்ஸ்தன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவர் நான்கு கழகங்களில் போய்ப் பயிற்சியாளர் வேலை கேட்டார். நான்கிலும் காப்பி நன்றாக இருந்தது."

"கேக்கும் கொடுத்தார்கள்" என்றார் கோபினா. "சுவரில் தொங்கும் என் படத்தைக் காட்டினார்கள். தொலைபேசியில் சொல்கிறோம் என்று வாயில்வரை வந்து கைகுலுக்கினார்கள். கெட்டவர்கள் அல்லர். ஆண்டுவிழா என்றால் இன்றும் கூப்பிட்டுப் படம் எடுப்பார்கள். ஒரு முறையாவது, வந்து எங்கள் பையன்களைப் பாருங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இனி நானாகக் கேட்கமாட்டேன். கேட்டால் போவேன். எப்படிப்பட்ட அணியானாலும் போவேன்."

பின்னர் குரலைத் தாழ்த்தி, "உங்களவர் என்னை எதற்கு அழைத்திருக்கிறார்கள்?" என்றார்.

"முதன்மை விருந்தினராக. கழகத்தின் காப்பாளர் என்றும் அறிவிக்க இருக்கின்றனர்."

"காப்பாளர் என்ன செய்வார்?"

சொல்ல எனக்கே நாணமாக இருந்தது. "மேடையில் அமர்வார். அழைப்பிதழில் அவர் பெயர் முதலில் இருக்கும்."

"உட்கார்வதா?" என்று சிரித்தார். "அதற்கு என் முழங்கால் ஒத்துக்கொள்ளும்." கிர்ஸ்தன் சிரிக்கவில்லை, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாலையில் தவராசா என்னை அழைத்துச் செல்ல வந்தார். அவருடைய மகிழுந்தின் வலப்பக்கக் கண்ணாடி மேலே ஏறாது. காற்று காதை அறைந்தது. அந்த இரைச்சலுக்கிடையே கோபினாவின் உள்ளக்கிடக்கையைச் சொன்னேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"அந்த மனிசனைப் போய் எங்களுக்குப் பழக்குங்கோ எண்டு என்னெண்டு கேக்கிறது ஐயா? எங்கட ஆட்டத்தைப் பாத்தனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"பாத்தால் நீங்களும் கேக்கமாட்டியள்."

"அவர் எந்த அணியானாலும் வருவேன் என்கிறார்."

"அது அவரின்ரை பெருந்தன்மை." மழை தூறத் தொடங்கியது, ஏறாத கண்ணாடி வழியே என் தோள் நனைந்தது. தவராசா ஒரு துணியை எடுத்துத் தந்தார். "சொன்னால் என்ன நினைப்பியளோ தெரியாது. கேட்டுக் கேட்டுக் கிடக்கிற சனம் நாங்கள். நகரசபைக் கொம்யூனிலை கேக்கிறம், பொலிசிலை கேக்கிறம், மினிஸ்ட்ரிக்கு எழுதிக் கேக்கிறம். பொறுங்கோ எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். இன்னும் ஒராளிட்டைப் போய் இன்னும் ஒண்டு கேக்க வாய் வருகுதில்லை. ஏலாது எண்டு அவரும் சொன்னால், பேந்து அந்த முகத்தை என்னெண்டு பாக்கிறது?"

அவர்கள் ஏன் ஞாயிறுதோறும் பந்தாடுகின்றனர் என்பதும் அப்போது விளங்கிற்று. வேலை நாள்களில் தொழிற்சாலை உண்டு. ஞாயிறன்று, மனைவி மக்கள் இல்லாத வீட்டில் ஓர் ஆடவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் கழகத் தலைவர் அருளப்பு மாஸ்டர் வீட்டில் விழா ஏற்பாடு. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். ஊரில் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர். இங்கு முதியோர் இல்லச் சமையலறையில் பணி. விழா என்றால் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. முதன்மை விருந்தினர் வரவேற்பு, விளக்கேற்றல், மறைந்தோர்க்கு அக வணக்கம், வீரர் அறிமுகம், விருந்தினர் பந்தை உதைத்துத் தொடக்கிவைத்தல், இடைவேளையில் விருந்தினர் உரை, இறுதியில் பரிசளிப்பு. அண்டை வீட்டுத் தோட்டங்களில் கேட்டு வாங்கிய ரோசாப் பூக்களை அவருடைய மனைவி மாலையாகத் தொடுத்துக்கொண்டிருந்தார். பொன்னாடை தேய்க்கப்பட்டு நாற்காலியின் முதுகில் தொங்கிற்று.

டேனியக் கழகங்களில் இவை ஒன்றும் இல்லையாம். அங்கே தலைவரே களத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார், ஆட்டம் முடிந்தால் காப்பி, பிறகு வீடு.

நான் செய்தியை மாஸ்டரிடமும் சொன்னேன். அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஐயா, நீங்கள் படிச்ச மனிசன். நாட்டுக்காக விளையாடின ஆளைச் சேத்துக்குள்ளை நிப்பாட்டி, எங்கட பெடியளை ஓடவிடச் சொல்லிக் கேக்கிறது மரியாதையோ? மேடையிலை இருத்தி வைக்கிறதுதான் மரியாதை."

"அவர் அமர விரும்பவில்லை போலும்."

"விருப்பம் இல்லாட்டிலும் இருத்தவேணும். அதுதான் முறை. நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

நான் அவர்களுடைய விருந்தினன். அவர்கள் பெயரால் நானாகக் கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை. வாய் மூடிக்கொண்டேன். மதிப்பின் மிகுதியால் இவர்கள் கேட்கவில்லை. மதிப்பு குறையும் என்று அவரும் கேட்கமாட்டார். நடுவே இரு தரப்பையும் அறிந்தவனாக நான் இருந்தேன்.

நான்காம் நாள் ஞாயிறு. நகரின் புறத்தே இருந்த ஆடுகளத்துக்குப் போனோம். வைக்கோல் ஏற்றும் பின்வண்டி ஒன்றை உழவர் ஒருவரிடம் கேட்டு வாங்கி, அதன்மேல் கம்பளம் விரித்து மேடையாக்கியிருந்தனர். மேசை, வெண்ணிற விரிப்பு, பூச்சாடி, சோடாப் புட்டிகள். பிர்ச்சு மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி. எதிரணி ஹேர்னிங் நகரத் தமிழர், நெசவாலைகளில் பணிபுரிவோர். உரத்த தொண்டையர்.

கோபினா கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து கிர்ஸ்தனுடன் வந்தார். விளக்கேற்ற முயன்றபோது காற்று மும்முறை அணைத்தது. நான்காம் முறை அருளப்பு மாஸ்டர் குடையை விரித்து மறைத்தார். அக வணக்கத்தின்போது களம் முழுவதும் அமைதி. கோபினாவும் தலை கவிழ்ந்து நின்றார். பிறகு வீரர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக அவருக்குக் கை கொடுக்கச் செய்தனர். அவர் ஒவ்வொருவருடைய காலணியையும் பார்த்தார். இடப்புறம் ஆடும் ரூபன் என்னும் இளைஞரின் கையை மட்டும் சற்று நேரம் விடவில்லை. இடக்காலினரா என்று சைகையால் கேட்டார். ரூபன் தலையாட்டினார். நடுக்களத்தில் வைத்த பந்தை இடக்காலால் மெல்லத் தொட்டு அனுப்பினார். கைதட்டல் எழுந்தது. பின்னர் ஒரு மரப்பெட்டியின்மேல் கால்வைத்து, இருவர் தாங்க, மேடைக்கு ஏறினார். பொன்னாடை போர்த்தினர். மாலை அணிவித்தனர். அமர்த்தினர்.

தவராசாவின் கூற்று உண்மை. பந்து எங்கேயோ அங்கே எல்லாரும் ஓடினர். கழக முயற்சி முழுவதும் உரத்துக் கூவுவதிலேயே கழிந்தது.

"டேய், பின்னாலை ஆரடா நிக்கிறான்?"

"நான் நிண்டனான், நீ வா எண்டாய்!"

"நான் உன்னைக் கூப்பிடேல்லை, கோலியைக் கூப்பிட்டனான், கோல் காக்கிறவனை!"

"கோலியை ஏனடா கூப்பிடுறாய்?"

ஹேர்னிங்கார் இரண்டு இலக்குகள் அடித்தனர். என் அருகில் கோபினா நேராக அமர்ந்திருந்தார்; முகத்தில் விருந்தினருக்குரிய புன்னகை. ஆனால் மேசை விரிப்புக்குக் கீழே அவருடைய இடக்கால் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. "அங்கே போகாதே, போகாதே" என்று பல்லிடுக்கில் ஆங்கிலம் கசிந்தது. மாஸ்டர் சோடாவைத் திறந்து நீட்டினார். "குடியுங்கோ சேர்." கோபினா நன்றி சொல்லி வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

இடைவேளை வந்தது. வீரர்கள் மேடையின் முன் புல்லில் அமர்ந்து ஆரஞ்சுச் சுளைகளைச் சுவைத்தனர். ஹேர்னிங் அணியும் மரியாதை கருதி அங்கேயே வந்து அமர்ந்தது. மாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்து நீண்ட அறிமுகம் செய்தார். பின்னர் விருந்தினரைப் பேச அழைத்தார். விழா உரை என்பதால் ஆங்கிலம்; நான் மொழிபெயர்ப்பாளன்.

கோபினா எழுந்தார். பெருமைக்கு நன்றி என்றார். மொழிபெயர்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். பின், "பதினோராம் எண் அணிந்தவர் எழுந்து நிற்க முடியுமா?" என்றார்.

"பதினோராம் எண் ஆடையர் எழுந்து நிற்க" என்றேன் ஒலிவாங்கியில்.

ரூபன் வாயில் சுளையோடு எழுந்தார்.

"நீங்கள் பந்தைப் பார்த்தபடியே நிற்கிறீர்கள். பந்து வந்து சேரும்போது எதிரணியின் இலக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் இடுப்பைத் திருப்புங்கள். பிறகு பந்து வரட்டும்."

மொழிபெயர்த்தேன். கூட்டத்தில் சலசலப்பு.

"நடுக்கள வீரர்கள் இருவரும் பந்தை நோக்கி ஒருங்கே ஓடுகிறீர்கள். ஒருவர் போனால் மற்றவர் நிற்கவேண்டும். உங்கள் இடப்புறப் பின்களம் முழுவதும் காலியாகக் கிடக்கிறது. இரண்டு இலக்குகளும் அந்த வழியாகத்தான் வந்தன."

"இடப்புறப் பின்களக் காவல் வெறுமையாக உள்ளது" என்றேன்.

"ஐயா, லெஃப்ட் பேக் எண்டு சொல்லுங்கோ, கெதியாய் விளங்கும்" என்று ஒருவர் கூவினார்.

"எங்களை ஏசுறாரோடா?"

"ஏசேல்லை. உள்ளதைச் சொல்லுறார். வாயை மூடிக்கொண்டு கேள்."

கோபினாவுக்கு மொழி தெரியாவிட்டாலும் குரல்களின் போக்குப் புரிந்தது. கழுத்தில் கிடந்த மாலை பேச்சுக்கு இடையூறாக இருந்ததால் கழற்றி மேசைமேல் வைத்தார். இனிக் கைகளால் காட்டினார்: யார் எங்கே, எப்போது, ஏன். ஒலிபெருக்கி அதனை வயல்வெளி முழுவதற்கும் அறிவித்தது. ஹேர்னிங் அணித்தலைவர் கையைக் காதருகே குவித்துக் கேட்டுத் தம் ஆள்களிடம் ஏதோ சொல்வதை நான் கண்டேன்.

தவராசாவும் கண்டுவிட்டார். மேடையை நோக்கி ஓடிவந்தார்.

"ஐயா, நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"என்ன தவராசா, முதன்மை விருந்தினர் பேசேக்கை குறுக்கை வந்து?" என்று மாஸ்டர் கடிந்தார்.

"மாஸ்டர், இதை மைக்கிலை சொன்னால் சரிவருமோ? ஹேர்னிங்காரன் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறான்."

"சொல்லட்டும் அண்ணை, நல்லாத்தானே சொல்லுறார்" என்று எதிரணியிலிருந்து ஒரு குரல். "எங்களுக்கும் ரெண்டு விசயம் பிடிபட்டது."

இரு பக்கத்திலும் சிரிப்பு பரவியது. அருளப்பு மாஸ்டர் ஹேர்னிங்காரைப் பார்த்தார். ஒலிபெருக்கி கட்டிய மரத்தைப் பார்த்தார். கோபினாவின் தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தார். விழா முறைக்கும் ஆட்டத்துக்கும் இடையே அவர் மனம் அலைவது நன்றாகவே தெரிந்தது. இறுதியில் ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்தினார்.

"அவரைக் கீழை வரச் சொல்லுங்கோ ஐயா. பெடியளுக்குப் பக்கத்திலை நிண்டு சொல்லச் சொல்லுங்கோ."

மொழிபெயர்த்தேன்.

"யார் கேட்கிறார்கள்?" என்றார் கோபினா.

"கழகத் தலைவர்."

அவர் தவராசாவைக் கைகாட்டினார். "இவரும் கேட்கிறாரா?"

தவராசாவுக்கு அதனை நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்து தோளைக் கொடுத்து நின்றார். கோபினா பொன்னாடையை எடுத்து நன்றாக மடித்து என் மடியில் வைத்தார். கோட்டைக் கழற்றிக் கிர்ஸ்தனை நோக்கி வீசினார். மேடை விளிம்பில் அமர்ந்து, தவராசாவின் தோளைப் பற்றிப் புல்லில் இறங்கினார்.

இரண்டாம் பாதியை அவர் கோட்டோரத்தில் நின்றபடியே கழித்தார். அவர் டேனிய மொழியில் கூவினார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளரின் டேனிய ஆணைகளுக்குப் பழகிய நம்மவர்க்கு நில், போ, பொறு என்பவை உடனே விளங்கின. ரூபன் இடுப்பைத் திருப்பினார். ஓர் இலக்கு கிடைத்தது. இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹேர்னிங் வென்றது.

பரிசளிப்புக்கு முதன்மை விருந்தினரைக் காணோம். அவர் களத்தின் தொலைமூலையில், தோற்ற வீரர்களின் தோள்களைப் பற்றி ஒவ்வொருவரையும் ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். மாஸ்டர் இருமுறை ஒலிபெருக்கியில் அழைத்தார். ஒருவரும் திரும்பவில்லை. பெருமூச்சுவிட்டு, வெற்றிக் கோப்பையை என் கையில் தந்தார். கால்பந்தை ஒருமுறையும் உதையாத நான் ஹேர்னிங் அணிக்குக் கோப்பை வழங்கினேன்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது தவராசா என்னிடம் வந்தார். "ஐயா, அவரிட்டை ஒண்டு கேட்டுத் தாறியளோ?"

"உமக்குத்தான் அவருடைய டேனிய மொழி தெரியுமே."

அவர் களத்தின் மூலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு தாமாகவே நடந்தார். பாதித் தொலைவில் ஒருமுறை நின்றார், மீண்டும் நடந்தார். கோபினாவும் அவரும் நின்று பேசியது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. கோபினா தம் பெரிய கையால் தவராசாவின் கையைப் பற்றியதும், நெடுநேரம் விடாமல் வைத்திருந்ததும் மட்டும் தெரிந்தது. கிர்ஸ்தன் கோட்டை மார்போடு அணைத்தபடி மேடையருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மகிழுந்தில் ஏறியபின் என்ன கேட்டீர் என்று வினவினேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் வந்து எங்களைப் பழக்குவியளோ எண்டு கேட்டன்."

"என்ன சொன்னார்?"

தவராசா வண்டியைக் கிளப்பினார்.

"ஞாயிறு மட்டும் காணாதாம் ஐயா. புதனும் எல்லாரும் வரட்டாம்."